கஞ்சி உப்பு

ஆதம்பாவாவின் நாக்கைப் பற்றிச் சாய்ந்தமருதில் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி அதைவிட நல்லது. கல்முனைக் கடலையும் பொத்துவில் கடலையும் இரண்டு சிரட்டையில் வார்த்துக் கொடுத்தால் எது எதென்று பிரித்துவிடுவார். ஒருமுறை மழைத்துளியை நக்கிப் பார்த்து, இந்த மேகம் அறுகம்பேயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது என்றாராம். மேகம் மறுக்கவில்லை.

உண்மையான பாதி இது. ஆறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே அவருக்கு ஒன்றரை ஏக்கர் வயல். ஆற்றில் உவர் ஏறினால் முதலில் தெரிவது அவர் நாக்குக்குத்தான். அதற்கு நான்கு பெயர் வைத்திருந்தார். இளநீர் உப்பு என்றால் பயமில்லை. கஞ்சி உப்பு என்றால் உடனே ஆற்றை அடைக்க வேண்டும். ஆணத்து உப்பு, அதாவது குழம்பு உப்பு, என்றால் வேளாண்மை போச்சு. கருவாட்டு உப்பு என்றால் வயலில் இறால் வளர்க்கலாம். பலகை போட்டு ஆற்றை மறித்த காலத்தில் அவர் "கஞ்சி!" என்று கத்தினால் போதும், வயல்வட்டையில் இருக்கிற ஆட்களெல்லாம் பலகையோடு ஓடுவார்கள்.

பிறகு அரசாங்கம் உவர்நீர்த் தடுப்பணை கட்டியது. ஐந்து இரும்புக் கதவு, மின்சார மோட்டர், உப்பைத் தானே அளந்து நீர்ப்பாசனக் கந்தோருக்கு அறிவிக்கும் மீற்றர். கதவுக்குக் காவலாகக் காரைதீவு வேலப்போடியை வைத்தார்கள். மோட்டர்ப் பெட்டியின் சாவியைக் கந்தோரில் வைத்தார்கள்.

"பேரில மட்டும் போடி, பெரிய நிலக்காரன். கையில ஒரு சாவியும் இல்ல" என்று ஆதம்பாவா அவரைச் சீண்டுவார்.

நவம்பர் வெள்ளம் மீற்றரைப் பிடுங்கிக்கொண்டு போனது, விதைத்ததையும் சேர்த்து. புது மீற்றர் வரும்வரை உப்பு நிலவரத்தைத் தொலைபேசியில் சொல்லும்படி கந்தோர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பைக் கேட்டது. அமைப்பு ஆதம்பாவாவின் நாக்கைக் கொடுத்தது. அவர் இரண்டாம் தரம் விதைத்த நெல் குடலைப் பருவத்துக்கு வந்தபோது நோன்பும் வந்தது.

நோன்போடு எப்படி ருசி பார்ப்பது? நோன்பு திறந்த பிறகு பார்த்தால் கந்தோர் பூட்டியிருக்கும். மனைவி றபீக்காதான் வழி சொன்னார்.

"நான் ஆணத்துக்கு உப்புப் பாத்துத் துப்புறல்லையா? ஆத்துக்கு மட்டும் வேற சட்டமா? போய் மௌலவியக் கேளுங்க."

தேவையென்றால் நுனிநாக்கில் பார்த்துத் துப்பலாம், விழுங்கத்தான் கூடாது என்றார் மௌலவி.

எட்டாம் நோன்பு, வியாழன் பகல். ஆற்றங்கரைப் பள்ளிவாசலை ஒட்டிய கதவடியில் ஆழத்துத் தண்ணீரை மொண்டு நாக்கில் வைத்தார், துப்பினார், உடனே கந்தோருக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் முஸ்பிறா, வேலைக்கு வந்து ஒரு கிழமைதான்.

"மகள், ஆதம்பாவா கதைக்கிறன். ஆத்தங்கரப் பள்ளியடியில கஞ்சி உப்பு வந்திட்டு. உங்கட சேர்ட்டச் சொல்லிக் கெதியா ஆள் அனுப்புங்க."

"கஞ்சியா வாப்பா?"

"ஓம், கஞ்சிதான். இண்டைக்கு விட்டா நாளைக்கு ஆணம்."

"சரி வாப்பா, எழுதிட்டன்."

எழுதத்தான் செய்தாள். அழகான கையெழுத்தில், சுகாதாரக் கந்தோருக்கு.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆற்றங்கரைப் பள்ளியில் வந்து இறங்கினார். அவரும் நோன்பு. ருசி பார்க்க மனமில்லாமல் நோன்புக் கஞ்சியைப் போத்தலில் அடைத்து, சீல் வைத்து, ஒப்பமும் வாங்கிக்கொண்டு போனார். கஞ்சி காய்ச்சும் அச்சிமுகம்மது அகப்பையோடு ஆதம்பாவாவின் வாசலுக்கு வந்துவிட்டார்.

"இருவது வருசமாக் காச்சுறன். என்ட கஞ்சில உப்பெண்டு கந்தோருக்குப் போன் அடிச்சயாமே!"

"அல்லாஹ்வே! நான் சொன்னது ஆத்த, காக்கா!"

"அப்ப ஆத்தக் குடி. இனிக் கஞ்சிக்கு வாளி தூக்கிட்டு வராத."

சனி, ஞாயிறு கந்தோர் இல்லை. திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை. ஆதம்பாவா மூன்று நாளும் கதவடிக்குப் போய் ருசி பார்த்தார், ஞாயிறே ஆணம். வேலப்போடி மோட்டர்ப் பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். செவ்வாய் விடிந்ததும் ஆதம்பாவா பஸ் ஏறிக் கந்தோர் வாசலில் நின்றார். பகலுக்குச் சாவி வந்தது. ஐந்து கதவும் சத்தமில்லாமல், அழகாக இறங்கின.

"காக்கா, உப்பெல்லாம் இப்ப உள்ளுக்கெல்லோ கிடக்கு" என்றார் வேலப்போடி.

"ஓம். வெளியிலயும் கடல், உள்ளுக்கும் கடல். நடுவில அரசாங்கத்துட கதவு."

கடல் வற்றும் நேரத்தில் கதவைத் திறந்தால், மேலிருந்து வரும் ஆற்று நீர் உப்பைத் தள்ளிக்கொண்டு போகும். சாவி கொண்டுவந்த உத்தியோகத்தரிடம் ஆதம்பாவா கெஞ்சினார்.

"மூடத்தான் எனக்கு ஓடர். துறக்க வேற ஓடர் வேணும். கந்தோருக்குப் போன் எடுங்க" என்று அவர் சாவியோடு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

எடுத்தார். முஸ்பிறாதான்.

"வாப்பா, அண்டைக்கு நடந்ததுக்கு மாப் பண்ணுங்க. எனக்கும் நல்ல ஏச்சு. இனி இளநீர், கஞ்சி ஒண்டும் எழுதப்படாதாம். நம்பர்தான் வேணுமாம்."

"மீற்றர் இல்லையே மகள்."

"தெரியும் வாப்பா. ஒரு நம்பர் சொல்லுங்க, உடனே மேல குடுக்கிறன்."

ஆதம்பாவா வயலைப் பார்த்தார். கதிர் தள்ள இருந்த பயிரின் இலைநுனிகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. உப்பு விசயத்தில் ஒரு நாளும் பொய் சொல்லாத மனிதர், அன்று நோன்போடு ஒன்று சொன்னார்.

"ஏழு."

"ஏழு என்ன வாப்பா? படிவத்தில அலகு எண்டும் ஒரு கூடு இருக்கு. அதையும் நிரப்பணும்."

ஆதம்பாவா வேலப்போடியைப் பார்த்தார். வேலப்போடி ஆற்றைப் பார்த்தார்.

"வாப்பா? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தார்.