குறுக்குக் காத்தும் என் கையெழுத்தும்

அஸ்ஸலாமு அலைக்குமுங்க. எண்பத்தேழு ஆடி மாசம் என் பொழப்பே போகப் பாத்துச்சு. போக வைக்கப் பாத்தவரு, நான் அண்ணன்னு கூப்பிட்ட மனுசன்.

அவரு கேப்டன், நான் பக்கத்து சீட்டுல கோ-பைலட். காத்து வேகத்த நாங்க ‘நாட்’ல சொல்லுவோம். குறுக்குக் காத்து இருபத்தஞ்சு நாட்டுக்கு மேல அடிச்சா எங்க ப்ளேன எறக்கக் கூடாது, வேற ஏர்போர்ட்டுக்குத் திருப்பிரணும். அன்னிக்கு ஏர்போர்ட் டவர்ல முப்பதுன்னாங்க. “வேண்டாங்கண்ணே”ன்னேன். “நான் பாக்காத காத்தா?”ன்னு எறக்கிட்டாரு. ப்ளேன் ரன்வேய விட்டு நழுவிப் புல்லுல போயி நின்னுச்சு. ரெண்டு டயரு வெடிச்சுது. உசுருக்கு ஒண்ணும் ஆகல, அல்ஹம்துலில்லாஹ்.

பாசஞ்சருங்க எறங்கிட்டு இருக்கறப்பவே என் தோளப் புடிச்சாரு. “தம்பி, எறங்குன ரிப்போர்ட்டுல காத்து இருபத்திரண்டுன்னு போட்டுரு. என் மானத்தக் காப்பாத்து.” எழுதிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு கம்பெனி விசாரணை. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்றாரு: “டவர் சொன்னது எனக்குக் கேக்கலீங்க. இருபத்திரண்டுன்னு இவன்தான் சொன்னான், நம்பி எறக்கினேன். இந்தாங்க, இவன் கையெழுத்து.” அடப்பாவி! என் கல்யாணத்துல முன்னால நின்னு பந்தி விசாரிச்சவருங்க அவரு.

என்னை வேலைய விட்டு நிறுத்தி வச்சாங்க. லைசென்சும் போயிரும்னாங்க. சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு ஏற்காட்டுல என்னைப் பெத்த அத்தா ஊட்டுக்கு வந்துட்டேன். அத்தாவோட கடையில உக்காந்தா, “ஏனுங்க, லீவுங்களா?”ன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. எஸ்டேட் மரத்துல காத்து அடிச்சாலே எந்திரிச்சுப் போயி ஜன்னலச் சாத்திருவேன்.

தெனமும் சாயங்காலம் அஸர் தொழுதுட்டு ஒரே துஆதான்: “யா அல்லாஹ், அந்த ஆள நாசமாக்கு.” நெஞ்சு எரிஞ்சதுதான் மிச்சம். ஒரு நாள் சம்சாரத்துகிட்டப் பொலம்பினேன். அவ கேட்டா: “அவரு சொன்னாரு, சரிங்க. எழுதுன கை யாருதுங்க?” சுருக்குன்னுச்சு. கோவத்துல சோத்தத் தள்ளிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிட்டேன்.

அன்னிக்குக் கையேந்துனப்ப நொம்ப அழுதுட்டேன். “யா அல்லாஹ், நான் எழுதுனது பொய். வேலை போனாலும் போகட்டும், ஒத்துக்கறேன். நீ மட்டும் கைவிட்டுராத.” ஏந்துன கைய எறக்கல, ஞாபகம் வந்துச்சு. எப்பவும் டவருக்குப் பதில் சொல்றது நான். அன்னிக்கு நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு இருந்ததால, அவரே ரேடியோ பட்டன அமுக்கி, “முப்பது, சரி, எறங்கறோம்”னாரு. டவர் பேச்சு பூராவும் டேப்புல பதிவாகுங்க! கோவத்துல இருந்தவனுக்கு அது தோணவே இல்ல, விசாரணையிலயும் யாரும் அதப் போட்டுக் கேக்கல.

மறுநாளே மெட்ராஸ்ல கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மொதல்ல என் பொய்யச் சொன்னேன். அப்பறம் டேப்பப் போடச் சொன்னேன். அவரு குரலு அந்த ரூம்ல எல்லாருக்கும் கேட்டுச்சு. எனக்கு ஆறு மாசம் பறக்கக் கூடாதுன்னு தண்டனை, அது ஞாயம். லைசென்ஸ் தப்பிச்சுது. அவருக்கு வேலை போச்சு.

வெளிய வராண்டாவுல என்னை நிறுத்தி என்ன கேட்டாரு தெரியுங்களா? “கூடப் பொறந்தவனா நெனச்சனே, காட்டிக் குடுத்துட்டியேடா!” அவரு கண்ணுல தண்ணி. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் படியெறங்கிட்டேன்.

இப்ப நானும் கேப்டன். லிமிட்ட ஒரு நாட் தாண்டினாலும் திருப்பிருவேன். பாசஞ்சருங்க திட்டுவாங்க, திட்டட்டும். உசுரும் சோறும் அல்லாஹ் திருப்பிக் குடுத்தது. ஆனா அந்த மனுசன இன்னும் மன்னிக்க முடியல, இப்படிப் பள்ளிவாசல்ல உங்க முன்னால நின்னுக்கிட்டுப் பொய் சொல்ல மாட்டேன். அதுக்கும் துஆ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

உங்களையும் யாராச்சும் ஏமாத்தியிருந்தா அல்லாஹ்கிட்ட முறையிடுங்க. முறையிடறப்ப உங்க தப்பையும் சேத்துச் சொல்லிருங்க. எனக்கு அதுக்கப்பறம்தாங்க வழி தொறந்துச்சு.