மருந்து போட்ட கதை

பக்கத்து வீட்டு ராசன் அண்ணையின் முழங்கால் வீக்கத்துக்கு, நாட்டு வைத்தியர் கார்த்திகைக் கிழங்கை அரைத்துக் கொடுத்து, "காலமை ஒருக்கா போடுங்கோ" என்றாராம்.

தினமும் தண்ணியோடை குளிசை போடுகிற மனுசன். இதையும் இன்று வாயில் போட்டுவிட்டார்.

ஓயாத வாந்தி. அவரின் மனுசி, எங்கட அண்ணியும் நானும் ஓட்டோவில் ஏற்றிப் போனால், துறைமுகச் சந்திச் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்க விட்டார்கள்.

"அண்ணை, முழங்கால் சுகமோ?" என்று பகிடி விட்டேன்.

"வீக்கம் அப்பிடியே கிடக்கு, தங்கச்சி." சிரிக்கப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்தக் கிழங்கு நஞ்சுக்கு முறிவு மருந்து இல்லை அக்கா. பாத்துக்கொண்டிருக்கத்தான் ஏலும்."

வெளியே வந்தேன். "மருந்து போட்டிட்டினமோ?" என்று அண்ணி கேட்டா.

"ஓம், போட்டாச்சு" என்றேன்.

இந்தப் 'போடு'வுக்கு வேறு சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.