துப்பாக்கிக்காரருக்குத் தைத்த பை

அறுபதுகளில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள், துப்பாக்கி சுடும் போட்டிக்காரர் ஒருவர் அங்கே வந்தார். ஒல்லியானவர். பேசும்போதும் இடது கண்ணைப் பாதி மூடியே வைத்திருப்பார். உட்காரும் முன் பெஞ்சைக்கூட உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். மறுநாள் கோயமுத்தூரில் போட்டியாம். துப்பாக்கியைத் தாங்கும் மணல் பை கிழிந்து ஒழுகுகிறது, புதிதாக ஒன்று வேண்டும் என்றார்.

"கெட்டியான காடாத் துணியில தெச்சுக் குடுங்க அம்மிணி."

எனக்குப் படிப்பு வராது, தையல் வரும். அந்தத் திமிரில், "துணியப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க" என்று பனியன் துணியிலேயே இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.

அவர் கொண்டுவந்த கிழிந்த பையின் மணலை அதில் கொட்டி நிரப்பி மேசைமேல் வைத்தார். பனியன் துணி இழுபடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். பை சினையாட்டு வயிறுபோல மெல்லச் சரிந்தது. மேலே வைத்த துப்பாக்கியும் கூடவே இறங்கியது.

"ஏனுங்க அம்மிணி, இது நாளைக்கு வரைக்கும் வளந்துட்டே இருக்குமுங்களா?"

கூட இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் பையைத் தன் கிழிந்த பைக்குள் திணித்து, உள்ளங்கையால் அமுக்கினார். அசையவில்லை.

"உங்க பை உள்ள இருக்கட்டுங்க. மணல் சிந்தாதுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மணலுக்காகச் சொன்னாரா, என் முகத்துக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. போட்டி என்ன ஆயிற்று என்றும் வந்து சொல்லவில்லை. ஜெயித்திருந்தால் என் பையால்தான். தோற்றிருந்தால் அந்தக் கிழிந்த பையைத்தான் கேட்க வேண்டும்.