அலுப்பில் அறுத்த வால்

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்தேன். சூளைக்குப் போகுமுன் பொம்மைகளைச் செங்கல்மேல் வைத்த பலகைகளில் காயவைப்போம். பட்டறை நாய்க்குட்டி செவலை எங்களைக் கண்டதும் வாலை ஆட்டி அவற்றைத் தட்டிவிடும். உடைந்ததையே மறுபடி செய்து எனக்கு அலுத்துவிட்டது.

"வால நறுக்கிடுவோம். நாய்க்கும் வீரம் வரும்" என்றார் அச்சு வார்க்கும் காளிமுத்து.

வண்ணம் பூசும் அஞ்சலையக்கா தடுத்தார். "பலகைய ஒசத்தி வையுங்கண்ணே. வாயில்லாத சீவன், அது பேசறதே வாலாலதான்."

பலகையை உயர்த்த அரை நாளாவது ஆகும் என்று நினைத்தேன். அந்த அலுப்பில் நானே குட்டியைப் பிடித்துக்கொண்டேன். பிசிறு செதுக்கும் கத்தியால் காளிமுத்து அறுத்தார். அது வீறிட்டுக் கத்தியது.

புண் ஆறியதும், பிடித்துக்கொடுத்த என்னிடமே ஓடிவந்தது. ஆட்ட வால் இல்லை. இடுப்பையே ஆட்டியது. அது இடித்துப் பலகையோடு பொம்மைகள் அத்தனையும் சரிந்தன.

அஞ்சலையக்கா துடைப்பத்தை என்னிடம் நீட்டினார். பெருக்கிவிட்டுப் பலகைகளை உயர்த்தினேன். முடிக்கும்வரை செவலை என் காலடியிலேயே படுத்திருந்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இன்றும் அலுப்பில் எதையாவது தள்ளிப்போட நினைத்தால் அந்த ஒரு மணி நேரம்தான் நினைவுக்கு வருகிறது.