மூன்று தங்கமீனும் ஒரு பில்டரும்

என் கணவர் பஸ் டிரைவர். மடுல்சீமைக்கும் பசறைக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ் ஒன்றை வருடக்கணக்காக ஓட்டியவர். போன வருடம் அவருக்கு மாரடைப்பு வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால், தான் மறுபடி சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையில் நான் கிளம்பிவிட்டால் பசறை வீட்டில் அவர் மட்டும்தான். ரோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்பி வந்து உட்காருவார். பேச்சு குறைந்துபோனது. பேசினால் எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கொழும்புக்குக் குடிபோனாள். கொண்டுபோக முடியாது என்று அவளுடைய மீன்தொட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டாள். உள்ளே ஐந்து தங்கமீன். பழைய பில்டர் ஒன்றும் இருந்தது. வந்த வாரமே அதன் மோட்டர் நின்றுவிட்டது.

முதலில் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "இந்தச் செவப்பு இருக்கே, இதுதான் மத்ததையெல்லாம் தொரத்துது" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

பில்டர் இல்லாததால் தண்ணீர் சீக்கிரம் கலங்கியது. அவர் பஸ்ஸைக் கழுவுகிற மாதிரியே தொட்டியைக் கழுவினார். எல்லாத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, கூழாங்கல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை நிரப்புவார். கண்ணாடி பளபளவென்று இருக்கும். மீன்கள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒன்று செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று. அன்று அவர் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

"சுத்தமாத்தான வச்சிருக்கேன். பிறகு ஏன் சாகுது?" என்றார். அந்தக் குரலில் மீனுக்கான கவலை மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை பதுளைக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் மீன்கடை வைத்திருக்கிறார் ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சுவர் முழுக்கப் பெட்டி பெட்டியாகப் பில்டர். என் கணவர் ஒவ்வொன்றையும் ஓடவிடச் சொல்லி, குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். எஞ்சின் சத்தம் கேட்டே பழகியவர். கடைசியில் தொட்டிக்கு வெளியே வைக்கிற பெரிய ஒன்றில் கையை வைத்தார்.

"இதக் குடுங்க நானா. இழுவை நல்லா இருக்கு."

"தொட்டி எத்தன அடி?"

"ரெண்டு அடி."

"அதுக்கு இது கூடிப்போச்சு. மீனச் சொழட்டி அடிச்சிரும். உங்க பக்கம் கரண்ட் அடிக்கடி போகுமா?"

நான் சிரித்துவிட்டேன். "மழ இருட்டினாலே போயிரும்ங்க" என்றேன்.

"அப்ப வேணாம். கரண்ட் போனா இது நின்னுரும். நின்ன பில்டருக்குள்ள தண்ணி கெட்டுப்போய், திரும்ப ஓடும்போது அந்தத் தண்ணிதான் தொட்டிக்கு வரும்."

நானா எடுத்துக் காட்டியது பார்க்க ஒன்றுமே இல்லாத சாமான். உருளையான கறுப்புப் பஞ்சு ஒன்று, அதற்கு ஒரு மெல்லிய குழாய், கையடக்கமான காற்று மோட்டர். குழாய் வழியாகப் போகும் காற்று குமிழியாக மேலே ஏறும்போது தண்ணீர் பஞ்சு வழியாக இழுபடும். அழுக்கு பஞ்சில் தங்கிவிடும். மோட்டருக்குள் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனால் தானாகவே அதில் ஓடும்.

என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. "இவ்வளவுதானா?" என்றார்.

நானா அதோடு விடவில்லை. தொட்டியை எப்படிக் கழுவுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் தொட்டி ஒன்றுக்குள் கையை விட்டு, பழுப்பேறி வழுவழுவென்றிருந்த பழைய பஞ்சை எடுத்துப் புதிய பஞ்சுக்குப் பதிலாக மாட்டினார்.

"நான் புதுசு கேட்டேன், நீங்க அழுக்கத் தாறீங்களே."

"இந்த அழுக்குலதான் மீனோட கழிவத் திங்கிற கிருமி இருக்கு, நல்ல கிருமி. நீங்க தேச்சுத் தேச்சுக் கழுவுறீங்க பாருங்க, அதுல அது செத்துப்போகுது. இனிமே தண்ணிய முழுசா மாத்தாதீங்க. கொஞ்சம் எடுத்துட்டுக் கொஞ்சம் ஊத்துங்க. பஞ்சையும் தொட்டித் தண்ணியிலேயே அலசுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் ஈரப் பஞ்சு இருந்த பையை அவர் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வீட்டில் மோட்டரைத் தொட்டிக்கு மேலே தட்டில் வைத்தார். கீழே வைத்தால் தண்ணீர் திரும்பி மோட்டருக்குள் வந்துவிடும் என்று நானா சொல்லியிருந்தார். அது கடகடவென்று அதிர்ந்தது. அடியில் ஒரு துவாயை மடித்து வைத்ததும் அடங்கியது. அதற்குப் பிறகு மீன் எதுவும் சாகவில்லை.

இரண்டு மாதம் கழித்து கிளினிக்குக்காக மறுபடி பதுளைக்குப் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய மழை. வெளியே வந்தால், பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை என்றார்கள். என் பெரியம்மா மகள் வீட்டில் தங்கினோம். சாயந்திரம் பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினார்: பசறையில் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை, எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம்.

என் கணவர் நானாவுக்குப் போன் போட்டார். "பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"காலைல வரைக்கும் ஓடுறது கஷ்டம்தான். சாப்பாடு போடாம விட்டா மீன் தாங்கும். உங்க பக்கம் குளிர்தானே. பயப்படாதீங்க."

மறுநாள் ஒரு பக்கமாக ரோட்டைத் திறந்தார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன்: ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது.

வீட்டுக்குள் போனதும் சத்தமே இல்லை. குமிழி இல்லை. இரண்டு மீன் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. சிவப்பு மட்டும் அடியில் கல்லோடு சாய்ந்திருந்தது. அவர் கண்ணாடியில் விரலை வைத்தார். அது அசையவில்லை.

"போயிருச்சு" என்றார்.

நான் வேறெதுவும் தோன்றாமல் ஒரு கோப்பையை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு, கொஞ்சம் காற்றாவது கலக்கட்டும் என்று உயரத்திலிருந்து ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவர் என் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டார். ஊற்றினார், ஊற்றினார். நான் அவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சிவப்பின் வால் ஒருமுறை ஆடியது. பிறகு செவுள் திறந்தது. அது கோணலாக நீந்தி, நேராகி, மற்ற இரண்டோடும் வந்து சேர்ந்தது.

பத்து மணி வாக்கில் கரண்ட் வந்தது. தட்டின் மேல் மோட்டர் முனகத் தொடங்கியது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா, நேத்து டாக்டர் கடைசியா என்ன சொன்னாரு? மழச் சத்தத்துல எனக்குச் சரியா கேக்கல."

நானும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். முந்தின நாளிலிருந்து மழை, ரோடு, கரண்ட், மீன் என்றே ஓடியதில் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"இதயம் நல்லா வேல செய்யுதுன்னாருங்க. அடுத்த மாசத்துல இருந்து கிட்டக்க ஓட்டலாம்னாரு. மலை ரோட்டப் பத்திப் பிறகு பாப்போம்னாரு."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு அசதி. சமைக்கவும் எழுந்திருக்கத் தோன்றாமல் மத்தியானம்வரை உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனோம்.