நாலாவது பிளக்

அவர் மூடிய எதையும் இன்னொருவர் லேசில் திறக்க முடியாது. ஊறுகாய் ஜாடி, டார்ச் லைட்டின் பின்மூடி, தேங்காய் எண்ணெய் டப்பா, மோட்டார் பைப்பின் வால்வு என்று எல்லாம் ஒரே கதைதான். மூடி முடித்த பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாக ஒரு இழுப்பு இழுப்பார். அது இல்லாவிட்டால் என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. கல்யாணமான நாளிலிருந்து இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அவர் செத்துப்போன பிறகும், திறக்க முடியாத மூடி கைக்கு வரும்போதெல்லாம் வாய்விட்டுத் திட்டினேன். பதிலுக்கு முறைக்க ஆள் இல்லாத வீட்டில் திட்டுவதும் ஒரு வேலையா என்று பிறகு தோன்றும்.

கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் நிற்கிற பழைய பெட்ரோல் காரும் அவர் விட்டுப்போனதுதான். நான் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தபோதே ஓட்டப் பழகியிருந்ததால், ஆலங்குடி பேங்க்குக்கும் புதுக்கோட்டை கண் ஆஸ்பத்திரிக்கும் நானே ஓட்டிக்கொண்டு போவேன். வேலை எதுவும் இல்லாவிட்டாலும் சாயங்காலத்தில் ஒரு சுற்று போய்விட்டு வருவேன். பக்கத்து சீட் காலியாக இருக்கும்தான். ஆனால் வீடு முழுவதும் காலியாக இருப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

மழைக்காலம் முடிந்ததும் வண்டி திணற ஆரம்பித்தது. கடைத்தெரு மெக்கானிக் வந்து பார்த்து, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற நாலு பிளக்கில் கடைசிப் பிளக் வேலை செய்யவில்லை என்றார். பானெட் இடுக்கு வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் நேராக அதன்மேல்தான் சொட்டியிருக்கிறது. பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். அது வழுக்கிப் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடைந்தது. ஸ்பேனர் பிடிக்கிற மூலைகளும் மழுங்கிப்போயின. பிளக் மட்டும் அசையவில்லை. எனக்கு ஆச்சரியமே இல்லை. அதை மாட்டியது யார் என்று எனக்குத் தெரியுமே.

"டீச்சர், இதுக்கு மேல முறுக்குனா இன்ஜின் ஹெட்டுல பிளக்கு மாட்டுற மரை போயிரும்ங்க. இந்த வண்டிக்கு ஹெட்டு எங்கிட்டுப் போயித் தேடுறது?" என்றார் மெக்கானிக்.

சிங்கப்பூரில் இருக்கிற மகனிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே புதுக்கோட்டையில் பழைய இரும்பு எடுக்கிறவர்களிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டான்.

"அதுக்குள்ள பிளக்கு கழண்டு வந்து வண்டி ஓடுச்சுன்னா வச்சுக்கம்மா. இல்லன்னா தூக்கிட்டுப் போகட்டும். ஒத்தையில கெடந்துக்கிட்டு எதுக்கு இதக் கட்டி அழுகுற?"

ஒற்றையில் கிடப்பதால்தானே கட்டி அழுகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சரிப்பா என்றேன்.

மெக்கானிக் கை வைக்கப் பயந்தார். மரை போனால் போகட்டும், பழி என்னோடு என்று அவரிடம் சொன்னேன். ஒரு அளவு சின்ன ஸ்பேனரை மழுங்கிய தலைமேல் சுத்தியலால் அடித்து இறுக்கி இறக்கிக் கொடுத்துவிட்டு, துருவை இளக்கும் ஸ்ப்ரே ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார். பலம் போடக் கூடாது, பொறுமைதான் வேண்டும் என்றார். பொறுமையா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தவள் நான்.

சைக்கிள் பம்பை வைத்து, உடைந்த பீங்கான் தூளையெல்லாம் குழியிலிருந்து ஊதித் தள்ளினேன். காலையில் ஸ்ப்ரே அடிப்பேன். சாயங்காலம் மூன்று பிளக்கிலேயே இன்ஜினைக் கொஞ்ச நேரம் இருமவிட்டுச் சூடாக்கி, மறுபடி அடிப்பேன். பிறகு ஸ்பேனரைப் பிடித்து முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம் மயிரிழை. கழற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் இறுக்க வேண்டுமாம். ஒன்றும் நடக்கவில்லை. "இப்படி இறுக்கி வச்சிட்டு நீங்க பாட்டுக்குப் போய்ட்டீங்க" என்று பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னேன். பூ மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

சனிக்கிழமை காலையில் ஸ்பேனருக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், உடைந்துவிட்டது, நாளைக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தொட்டால், ஸ்பேனர் கால் சுற்று வந்தது. ஸ்ப்ரே அடித்து உள்ளே திருப்பி, மறுபடி வெளியே திருப்பி, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, கடைசியில் விரலாலேயே சுழற்றி எடுத்தேன். ஹெட்டில் மரை அப்படியே இருந்தது.

பிளக்கைத் துணியில் துடைக்கப் போனவள் நின்றுவிட்டேன். மரையின் மேல் பள்ளங்களில் ஏதோ வெந்து கறுத்து அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே மஞ்சள் தெரிந்தது. அது சந்தனம். ஓரத்தில் துளி குங்குமமும் இருந்தது.

ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லோரும் வண்டியைக் கழுவி, பானெட்டிலும் ஸ்டியரிங்கிலும் பொட்டு வைப்பார்கள். இவருக்கு அது போதாது. "வேலை பூரா உள்ளுக்குள்ளதான நடக்குது" என்று நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலில் துலக்கி, வாழை இலையில் ஸ்பேனர்களோடு வரிசையாக வைப்பார். பீங்கானில் பொட்டு நிற்காது என்று மரை ஓரத்தில்தான் வைப்பார். மாட்டும்போது அதையாவது துடையுங்கள் என்றால், சாமிக்கு வைத்ததைத் துடைக்கிறதாவது என்று அப்படியே திருகி, கடைசியாக அந்த ஒரு இழுப்பு. அவர் போன பிறகு வந்த ஆயுத பூஜைகளில் காருக்குப் பொட்டு கிடையாது. நான் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வை என்றும் யாரும் சொல்லவில்லை.

மெக்கானிக்கை வரச் சொன்னேன். நாலு புதுப் பிளக்கோடு வந்தார். ஒன்றை நானே மாட்டினேன். கையால் திருகி, பிறகு ஸ்பேனரில் லேசாக ஒரு திருப்பு போதும் என்றார். போதும் என்ற இடத்தில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பியதும் இருமல் இல்லாமல் வண்டி ஓடியது. அந்தச் சத்தத்தைப் போனில் மகனுக்குக் கேட்க வைத்தேன். சிரித்துவிட்டு, இரும்புக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

"மத்த மூணையும் மாத்திருவோம்ங்க. அதுகளுக்கும் இதே வயசுதான?" என்றார் மெக்கானிக்.

வாஸ்தவமான பேச்சுதான். ஆனால் ஊறுகாய் ஜாடி காலியாகிக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. எண்ணெய் டப்பாவும் தீர்ந்துபோனது. வால்வை பிளம்பர் மாற்றிவிட்டார். என் வீட்டுக்காரர் இறுக்கி, நான் இன்னும் திறக்காதது என்று வீட்டில் எதுவும் மிச்சம் இல்லை. பானெட்டுக்குள் மட்டும் மூன்று இருக்கின்றன.

ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று சொல்லி பானெட்டை மூடினேன். புதுப் பிளக் மூன்றும் அலமாரியில் பெட்டியோடு இருக்கின்றன. மெக்கானிக் பார்க்கிறபோதெல்லாம் கேட்கிறார். நான் கழற்ற விட மாட்டேன்.