பாம்பன் தாண்டாத மூச்சு

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவனுக்கு எந்தப் பாடமும் தேவைப்படுவதற்கு முந்தின நாள் கிடைப்பதில்லை. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நல்ல வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து திரும்பி, இராமேஸ்வரத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்தேன். ஏன் திரும்பினாய் என்று கேட்காதீர்கள், நானே கேட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டேன். அங்கே ஒரு மூலையில் பூப்போட்ட துணி போர்த்திய வென்டிலேட்டர் ஒன்று நின்றது. அதை இயக்கத் தெரிந்தவன் தீவிலேயே நான் ஒருவன்தான் என்று சேர்ந்த வாரமே தெரிந்துபோயிற்று. நான் இல்லாத நேரத்தில் ஒருவருக்கு மூச்சு நின்றால், அவர் பாலம் தாண்டி மதுரை போய்ச் சேர மாட்டார். எனக்குத் தூக்கம் கெட்டது அதனால்தான்.

யாருக்கு வேண்டும் இலவசம்

வழி இல்லாமல் இல்லை. உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களெல்லாம் தங்கள் வித்தையைப் பேசிப் பதிந்து இணையத்தில் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள். தொண்டைக்குள் மூச்சுக்குழாய் போடுவது, வென்டிலேட்டரைத் திருகுவது, விஷக்கடி, மாரடைப்பு எல்லாம் இருக்கிறது. சந்தா கிடையாது, கடவுச்சொல் கிடையாது. நல்லதாய்ப் பொறுக்கி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கும்பிடு போட்டார்கள். ஒருவரும் திறக்கவில்லை.

எங்கள் ரஹ்மத் சிஸ்டர் கீழக்கரைக்காரர், கெட்டிக்காரர். அண்ணன் துபாயில் இருக்கிறார். இவரும் அங்கே போகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவராவது பார்ப்பார் என்று நம்பி, "பாத்தீங்களா சிஸ்டர்?" என்றேன்.

"இன்ஷா அல்லாஹ் பாக்குறேன் சார். இதுல வாரது துபாய் பரீச்சையில கேப்பாங்களா?"

ஈரத் துணி

ஒருநாள் வடக்கேயிருந்து வந்த யாத்ரீகர் ஒருவர், கடலில் முங்கி, கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, நெஞ்சு வலியோடு நேராக எங்களிடம் வந்தார். உடம்பெல்லாம் தண்ணீர், உப்பு, திருநீறு. ஈசிஜி எடுக்க ஒட்டும் வில்லை ஒன்றும் நிற்கவில்லை. ஒன்றை ஒட்டினால் இன்னொன்று வழுக்கித் தரையில் விழுந்தது. அவர் மனைவி, ஊற்றிய தீர்த்தத்தைத் துடைக்கக் கூடாது என்று எங்கள் துண்டைப் பிடித்துக்கொண்டார். கையெடுத்துக் கும்பிட்டு, நெஞ்சை மட்டும் துடைக்க அனுமதி வாங்கினோம். நல்லவேளை, ஈசிஜியில் கோளாறு ஒன்றும் இல்லை.

கை கழுவும்போது சிஸ்டரிடம், "அந்த மாரடைப்புப் பாடத்தைப் பாத்திருந்தா இன்னும் சுருக்கா முடிச்சிருக்கலாம்" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"நேத்துத்தான் பாத்தேன் சார். அதுல வார பேஷண்ட் பூராம் காஞ்சு போயில்ல வாராங்க!"

வேகம்

முனியசாமி எங்கள் இளம் டாக்டர். படிப்பு முடித்த கையோடு வந்தவர், தினமும் பரமக்குடியிலிருந்து பஸ். மூச்சுக்குழாய் போட என்னிடம் ஓரளவு பழகிவிட்டார். வென்டிலேட்டர் பக்கம் மட்டும் போக மாட்டார், அது ஏதோ கடிக்கும் என்பதுபோல.

ஒருநாள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். வென்டிலேட்டர் பாடமேதான்! என் கண் கலங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காதை வாங்கிக் கேட்டேன். பேசுகிறவர் ஏலம் விடுவதுபோல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் டபுள் ஸ்பீடுலதான் சார் கேப்பேன். நிதானமாக் கேட்டா பஸ் போயிரும்ல?"

பாலத்தில்

அன்று இராமநாதபுரத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு மத்தியானம் காரில் திரும்பினேன். பாம்பன் பாலத்தில் வண்டிகள் அசையவில்லை. பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வருகிறதாம், சுற்றுலாக்காரர்கள் காரைப் பாதையிலேயே நிறுத்திவிட்டு, கம்பியோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது முனியசாமி கூப்பிட்டார்.

ஆரோக்கியம் என்ற மீனவர். காலையில் வலையை உதறும்போது கையில் என்னமோ குத்தியது, முள்ளென்று நினைத்து விட்டுவிட்டார். இப்போது இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. வழியில் பார்த்தவர்களெல்லாம் குடி என்றார்களாம். "மாதா மேல சத்தியமா ஒரு சொட்டுத் தொடல டாக்டரு" என்று அவர் மனைவி அழுவது போனில் கேட்டது.

"கடல் பாம்பு. நம்மகிட்ட இருக்க மருந்து அதுக்குக் கேக்காது. மூச்சை நாமதான் விட்டுக் குடுக்கணும். குழாயைப் போடுங்க."

"போட்டாச்சு சார். சிஸ்டர் காத்துப் பையை அமுக்கி மூச்சு குடுக்குறாங்க. உங்களுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

முன்னால் ஒருவர் கார் கூரைமேல் குழந்தையை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எப்போது நகரும் என்றே தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். நான் இங்கிருந்தே வென்டிலேட்டரில் எந்தத் திருகை எங்கே வைப்பது என்று ஆரம்பித்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது, எண்களெல்லாம் பாதியில் அறுந்தன.

"நீங்க போனை வைங்க சார், நான் பாடத்தைப் பாக்கணும்!"

கேட்டுக்கொண்டிருந்தவர்

நான் போய்ச் சேர்ந்தபோது பூப்போட்ட துணி தரையில் கிடந்தது. மெஷின் ஓடியது. ஆரோக்கியத்தின் நெஞ்சு ஏறி இறங்கியது. அளவுகளைப் பார்த்தேன், மாற்ற ஒன்றுமில்லை. தலைமாட்டில் சாய்த்து வைத்த முனியசாமியின் போனில் பாடம் நிதானமான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பையை அமுக்கி அமுக்கி சிஸ்டரின் கை விரல்கள் மடங்கவில்லை. ஆம்புலன்ஸில் முனியசாமியே ஆரோக்கியத்துடன் மதுரைக்குப் போனார்.

சில வாரம் கழித்து ஆரோக்கியம் நடந்தே வந்தார், பையில் எங்களுக்கு நண்டு. உடம்பு செத்துக் கிடந்தாலும் காது மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்ததாம்.

"டாக்டர் தம்பி செல்லுல பாடத்தைப் போட்டு ஒவ்வொண்ணா மாட்டுறது பூராம் கேட்டுச்சு சார், தெம்பாத்தான் கெடந்தேன். நடுவுல விளம்பரம் வந்துச்சு பாருங்க, 'நீங்கள் இல்லாத நாளில் உங்கள் குடும்பம்?'னு ஒரு இன்சூரன்ஸ்காரன், அங்கனதான் சார் எனக்கு உசுரே போச்சு."

பாடங்களெல்லாம் எப்போதோ இலவசமாகிவிட்டன, அவற்றை நிதானமாகக் கேட்கிற அளவுக்கு நாங்கள் நேரம் ஒதுக்கத்தான் ஒருவருக்கு மூச்சு நிற்க வேண்டியிருக்கிறது.